பங்கு வைத்த மாத்திரை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நித்யா என்னைப் பார்க்க வந்திருந்தாள். என்னோடு வேலை பார்த்த ஒருத்தியின் மகள். படூர் பக்கம் ஒரு பெரிய மருத்துவமனையில், புது மருந்துகளை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் பிரிவில் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. கூடுவாஞ்சேரியில் என் வீட்டு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, கொடுத்த காபியைக்கூடக் குடிக்காமல் ஒரே புலம்பல்.

"ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அரசாங்கத்துல பதிவு பண்ணணுமாம் ஆன்ட்டி. முடிஞ்சப்புறம் முடிவையும் போடணுமாம். நல்லா வந்தா போடலாம், சரி. ஒண்ணுமே தேறலன்னாலும் போடணுமாம். தேறாததை எழுதி யாருக்கு என்ன லாபம்? படிக்கப் போறது யாரு?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "முதல்ல காபியைக் குடி, ஆறிப்போகுது" என்று அதட்டினேன். அந்தக் குழந்தை பயந்துபோய்க் குடித்தது. அதற்குப் பிறகு அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். சொல்லும்போது இரண்டு மூன்று இடத்தில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டு வந்தேன்.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. நாய் என்றால் பயம், இடி என்றால் பயம், கடல் என்றால் சொல்லவே வேண்டாம். செங்கல்பட்டில் நர்ஸ் பயிற்சி எடுத்த காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஊசி போடக் கற்றுக்கொண்டேன், திட்டு வாங்கக் கற்றுக்கொண்டேன். எழுபதுகளின் நடுவில், ஊருக்கு வெளியே ஏரியைத் தாண்டி இருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். யானைக்கால் நோய்க்குப் புது மாத்திரை வந்திருக்கிறது, கடற்கரை ஊர்களுக்குப் போய் அதைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

நேர்முகத்துக்குப் போனபோது அங்கே பெரிய டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உங்களுக்கு எதுக்கெல்லாம் பயம்?"

நான் நாயில் ஆரம்பித்து வரிசையாகச் சொல்லி, கடைசியில் "உங்களைப் பார்த்தாலும் பயமா இருக்கு சார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "பயப்படுறவங்க எதையும் ரெண்டு தடவை பார்ப்பாங்க. நாளைக்கே வந்துடுங்க" என்றார்.

டாக்டர் பரஞ்சோதி என்று பெயர். நெடுநெடுவென்று ஒல்லியான மனிதர். அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கடிதம் படித்தாலும் நின்றுகொண்டு, சாப்பிட்டாலும் நின்றுகொண்டு. மேஜைக்கு ஒரு நாற்காலி இருந்தது, அதில் எப்போதும் அவருடைய குடைதான் உட்கார்ந்திருக்கும். குரலை உயர்த்தவே மாட்டார். அவர் மெதுவாகப் பேசப் பேசத்தான் எங்களுக்குப் பயம் ஏறும்.

நாங்கள் ஊருக்குப் போய்விட்டு வந்து என்ன சொன்னாலும் அவரிடமிருந்து மூன்று கேள்வி வரும். "கண்டதா? கேட்டதா? நினைச்சதா?" ஒரு நோயாளிக்குக் காய்ச்சல் என்றால், கையை வைத்து, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாயா, அவன் பெண்டாட்டி சொன்னாளா, இல்லை முகத்தைப் பார்த்து நீயாக முடிவு பண்ணினாயா என்று அர்த்தம். மூன்றில் எது என்று சொல்லாமல் மேலே ஒரு வார்த்தை பேச முடியாது. ஆரம்பத்தில் இது என்ன தொந்தரவு என்று பல்லைக் கடித்தேன். பிறகு வீட்டில் அம்மா பக்கத்து வீட்டுக் கதை பேசினால்கூட என் வாயில் அந்த மூன்று கேள்வி வர ஆரம்பித்துவிட்டது. நல்ல அடி வாங்கினேன்.

எங்களுக்கு ஒதுக்கியிருந்தது மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக வாரம் ஒருமுறை ஜீப்பில் போவோம். யானைக்கால் கிருமி இருட்டிய பிறகுதான் ரத்தத்தில் வெளியே வரும். அதனால் சாயங்காலமே போய் மாத்திரை கொடுத்துவிட்டு, விளக்கு வைத்த பிறகு விரலில் குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு திரும்புவோம்.

முதல் நாள் பெரிய டாக்டரே வந்தார். அம்மன் கோயிலுக்கு முன்னால் ஊர் மொத்தமும் மணலில் உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் நின்றுகொண்டு பேசினார். அந்தக் காலத்தில் டாக்டர்கள் ஜனங்களிடம் எதையும் விளக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். இவர் ஒளிக்காமல் சொன்னார். "பாதிப் பேருக்கு நிஜ மருந்து. பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கிற வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, இந்த நர்சம்மாவுக்கும் தெரியாது. மெட்ராஸ்ல எங்க ஆபீஸ்ல மட்டும்தான் தெரியும். அப்படிச் செஞ்சாத்தான் மருந்து நிஜமா வேலை செய்யுதான்னு கண்டுபிடிக்க முடியும்."

ஊர்த் தலைவர் கன்னியப்பன், வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார். "அப்போ மாவு துன்றவன் கதி இன்னா டாக்டரு?"

"மருந்து நல்லதுன்னு தெரிஞ்சா, சோதனை முடிஞ்சதும் எல்லாருக்கும் குடுப்போம்."

தலைவர் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். அவர்களுக்குள் ஏதோ முணுமுணுப்பு. பிறகு, "செரி, நீங்க குடுங்க. நாங்க பாத்துக்கறோம்" என்றார். அந்த 'நாங்க பாத்துக்கறோம்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் யாருக்கும் அப்போது உறைக்கவில்லை.

ஒவ்வொருவருக்கும் ஓர் எண், அந்த எண் போட்ட பழுப்புக் கவர், அதில் ஒரு வாரத்து மாத்திரை. மஞ்சள் நிறம், நடுவில் ஒரு கோடு, மோந்து பார்த்தால் கற்பூரமும் இல்லாமல் பெருங்காயமும் இல்லாமல் ஒரு வாசனை. அடுத்த வாரம் காலிக் கவரைத் திருப்பி வாங்க வேண்டும். மற்ற ஊர்களில் கவரில் பாதி மாத்திரை மிச்சம் இருக்கும், இல்லை கவரே தொலைந்திருக்கும். இந்தக் குப்பத்தில் மட்டும் ஒரு கவர் தவறாது, ஒரு மாத்திரை மிஞ்சாது. "இவ்வளவு ஒழுங்கான ஊரை நான் பார்த்ததே இல்லை" என்று பெரிய டாக்டரே சொன்னார். அவர் வாயிலிருந்து பாராட்டு வருவது அதிசயம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அங்கே எட்டியப்பன் என்று ஒருவர். முப்பது வயதிருக்கும், வலது கால் லேசாக வீங்க ஆரம்பித்திருந்தது. கட்டுமரத்தில் முன்னால் நின்று அலை பார்த்துச் சொல்லும் ஆள் அவர்தான். கேலிக்காரர். நான் மணலில் தண்ணீர் படாத தூரத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவதைப் பார்த்து, "இன்னா நர்சம்மா, கடல் இன்னா உன்ன கடிச்சா துன்னுடும்? கொஞ்சம் கிட்ட வந்து குந்தேன்" என்பார். அவருடைய அக்கா பூங்காவனம் பக்கத்துக் குடிசை. புருஷன் கடலில் போனவன் திரும்பாமல், கருவாடு விற்றுப் பிழைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நோயும் இல்லை, எங்கள் சோதனையில் பெயரும் இல்லை. ஆனாலும் நாங்கள் போனால் எனக்கு டீ போட்டுத் தருவது அவள்தான்.

மாத்திரை கொடுக்க ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். விளக்கைப் பொருத்தி வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். எட்டியப்பன் வந்தார், ஸ்டூல் என்று நினைத்து ஸ்டூல் இல்லாத இடத்தில் உட்கார்ந்து மல்லாக்க விழுந்தார். எல்லோரும் சிரித்தார்கள். கள்ளு குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று யாரோ கத்தினார்கள். அவரும் சிரித்தார். ஆனால் விழுந்தவர் எழுந்திருக்கும்போது, எதிரே விளக்கு எரிகிறது, ஸ்டூல் ஒரு கை தூரத்தில் இருக்கிறது, அவர் கை மணலைத் தடவிக்கொண்டே போகிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"என்னண்ணே, கண்ணு தெரியலையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல நர்சம்மா. பொழுது சாஞ்சா கொஞ்சம் பொக மூட்டம் போட்ட மாரி கீது. காத்தால செரியாப் பூடுது" என்றார்.

மறுநாள் காலையில் டாக்டரிடம் போய் நின்றேன்.

"கண்டதா?"

"கண்டது சார். புகை மாதிரி இருக்குன்னு அவர் சொன்னது கேட்டது."

"நினைச்சது?"

"மாத்திரையாலதான்னு நினைக்கிறேன் சார்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அடுத்த வாரம் சோதனையில் இருந்த எல்லோரையும் பொழுது சாயும் நேரத்தில் நிற்க வைத்து, கொஞ்ச தூரத்தில் விரல்களைக் காட்டிக் கேட்கச் சொன்னார். கேட்டேன். பலர் சரியாகச் சொன்னார்கள். சிலர் சொல்லவில்லை. அந்தச் சிலர் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். சொல்லத் தெரியாதவர்கள் தங்களுக்குள் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டிருந்தார்கள். நான் நீட்டிய கையை மடக்கவே மறந்து நின்றிருந்தேன்.

டாக்டர் மெட்ராஸ் ஆபீஸுக்கு எழுதினார். கண் மங்கியவர்கள் எந்த மாத்திரை சாப்பிட்டவர்கள் என்று அங்கே பிரித்துப் பார்த்துப் பதில் அனுப்பினார்கள். நிஜ மருந்து எண்ணில் எவ்வளவு பேரோ, ஏறக்குறைய அதே அளவு மாவு மாத்திரை எண்ணிலும் இருந்தார்கள். மாவு சாப்பிட்டவனுக்கும் கண் மங்குகிறது என்றால் மருந்தின் மேல் எப்படிப் பழி போடுவது? சத்துக் குறைவால் வரும் மாலைக்கண், வைட்டமின் கொடுங்கள், சோதனையைத் தொடருங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

டாக்டர் அந்தக் கடிதத்தை நின்றபடி இரண்டு முறை படித்தார். "தினம் மீன் சாப்பிடுற ஜனங்களுக்குச் சத்துக் குறைவா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "எண்ணிக்கை இப்படிச் சொல்லும்போது நான் நினைச்சதை வெச்சு நிறுத்த முடியுமா வேதா?" என்று என்னைக் கேட்டார். என்னிடம் யோசனை கேட்கும் மனிதர் இல்லை அவர். அவர் கேட்டதே எனக்குப் புதுப் பயமாகிவிட்டது.

அடுத்து வந்த வாரங்களில் அந்தப் பழுப்புக் கவர்களைக் கொடுக்கும்போது என் கை எனக்குச் சொந்தமில்லாதது போல இருந்தது. வைட்டமினும் கொடுத்தேன். யாருக்கும் கண் திரும்பவில்லை.

அது மத்தியானம் கடலுக்குப் போய்ப் பொழுதோடு திரும்பும் பருவம். அன்றைக்கு நாங்கள் போய் இறங்கியபோது கரையில் பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். மற்ற கட்டுமரங்களெல்லாம் வந்துவிட்டன, எட்டியப்பன் போன மரம் மட்டும் வரவில்லை. காற்று தூக்கலாக இருந்தது. கரையோரம் அலை மடிந்து விழும் இடத்தில் மரம் நேராக நுழையாவிட்டால் புரட்டிப் போட்டுவிடும். நேராக நுழைய வேண்டுமென்றால் முன்னால் நிற்பவனுக்கு அலை தெரிய வேண்டும். முன்னால் நிற்பவர் எட்டியப்பன்.

நான் என் வழக்கத்துக்கு விரோதமாகத் தண்ணீர் காலில் படும் இடம் வரை போய்விட்டேன். பூங்காவனம் ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் நகம் சதையில் பதிந்தது.

"நர்சம்மா, அங்க இன்னா தெரியுது? கொஞ்சம் பாத்து சொல்லேன். மரம் எதுனா வந்துகினு கீதா?"

"ஒண்ணும் தெரியலக்கா." அப்போது இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. ஒரு படகுத் துண்டு இருந்தால்கூடத் தெரியும். "உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுமே, நீங்களே பாருங்களேன்."

"எனக்கு எங்க தெரியுது? பொழுது சாஞ்சாப் போதும், எனக்கும் மூடிக்குது. உன் மூஞ்சியே கருப்பா கீது."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கண் என் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது.

"அக்கா, நீங்க மாத்திரை சாப்பிடறதில்லையே? உங்க பேரே எழுதலையே?"

"பேரு எழுதாட்டி இன்னா? என் பங்கு வருதில்ல? வாரா வாரம் துன்னுகினுதான் கீறேன்."

எனக்கு மணல் காலுக்கடியில் நழுவியது. அலைதான் இழுத்தது என்று பிறகு தோன்றியது.

அந்தக் குப்பத்தில் மீன் வந்து இறங்கியதும் மணலில் கூறு போடுவதை நான் வாரா வாரம் பார்த்திருக்கிறேன். கடலுக்குப் போனவனுக்கு ஒரு கூறு, மரத்துக்கு ஒன்று, வலைக்கு ஒன்று, ஆண் துணை இல்லாத வீட்டுக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று. எவ்வளவு நேர்த்தி என்று நின்று ரசித்தும் இருக்கிறேன். நாங்கள் ஜீப்பில் ஏறியதும் அதே மணலில் அத்தனை கவரையும் கொட்டிக் கலந்து, மாத்திரையையும் கூறு போட்டிருக்கிறார்கள். யாருக்கும் எங்களை ஏமாற்றும் எண்ணம் கிடையாது. பாதிப் பேருக்கு மாவு என்று டாக்டர் உண்மையைச் சொன்னார். அவர்களுக்கு அது அநியாயமாகப் பட்டது, அதைச் சரி பண்ணிவிட்டார்கள்.

மாவு மாத்திரை எண் வைத்திருந்தவனும் மருந்து சாப்பிட்டிருக்கிறான். எண்ணே இல்லாத பூங்காவனமும் சாப்பிட்டிருக்கிறாள். அதனால்தான் இரண்டு பக்கமும் சமமாகக் கண் போனது. அதனால்தான் மாத்திரை நல்ல பிள்ளையாகத் தப்பித்துக்கொண்டது. இவ்வளவும் ஒரே நிமிடத்தில் எனக்கு விளங்கியது. அந்த மாத்திரையைச் சாப்பிட்ட ஒருவர் கண் தெரியாமல் கடலில் இருக்கிறார் என்பதும் சேர்ந்து விளங்கியது. நான் பூங்காவனத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஏன் அழுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது. தம்பி செத்துவிட்டான் என்று நினைத்து அவளும் அலறினாள்.

எட்டியப்பன் சாகவில்லை. நன்றாக இருட்டிய பிறகு தெற்கிலிருந்து மணலில் இருவர் நடந்து வந்தார்கள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்திருந்தார். கரை எங்கே என்று எட்டியப்பனுக்குத் தெரியவில்லை. கூடப் போன மச்சானுக்கும் பங்கு வந்திருக்கிறது, அவனுக்கும் தெரியவில்லை. மாமல்லபுரத்து லைட் ஹவுஸ் வெளிச்சம் மட்டும் மினுக்கென்று தெரிந்திருக்கிறது. அதையே பார்த்துத் துடுப்புப் போட்டுப் போய், அங்கிருக்கும் கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்துப் பாறையில் மோதி மரம் உடைந்து, நீந்திக் கரையேறியிருக்கிறார்கள். தொடையில் நீளமாகக் கிழிந்திருந்தது. ஜீப் விளக்கு வெளிச்சத்தில் நான் கட்டுப் போட்டேன். அவர் அன்றைக்குக் கேலி எதுவும் பேசவில்லை.

"நர்சம்மா, இது திரும்பி வருமா? கண்ணு இல்லாம கடல்ல நான் இன்னா பண்ணுவேன்?" என்று மட்டும் கேட்டார். நான் கட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

விடிந்ததும் டாக்டரிடம் சொன்னேன். அவர் மூன்று கேள்வியையும் கேட்டார், நான் மூன்றுக்கும் பதில் சொன்னேன். மெட்ராஸைக் கேட்காமலே மாத்திரையை நிறுத்தினார். நேரே குப்பத்துக்கு வந்தார். தலைவர் கன்னியப்பன் மறைக்கவே இல்லை. மாத்திரைகளைக் கொட்டிக் கலந்த சட்டியையே எடுத்துவந்து காட்டினார்.

"நீங்கதான சொன்னீங்க பாதி பேருக்கு மாவுன்னு? ஒருத்தன் துன்ன ஒருத்தன் வாய பாத்துகினு நிக்கிற ஊரா இது? கடல் குடுத்தாலும் பங்கு, சர்க்கார் குடுத்தாலும் பங்கு. அதுல இன்னா தப்பு டாக்டரு?"

டாக்டர் பரஞ்சோதி மணலில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு ஒரு சுவர் சாய்ந்தது போல இருந்தது.

இனிமேல்தான் நித்யா கேட்ட விஷயம். மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். நான் டீ வைத்துவிட்டு நகராமல் கதவோரம் நின்றுகொண்டேன்.

"மருந்து வேலை செஞ்சுதுன்னு எழுத முடியுமா டாக்டர்?"

"முடியாது."

"வேலை செய்யலன்னு?"

"அதுவும் முடியாது. எல்லாம் கலந்துபோச்சு."

"கண்ணைக் கெடுத்துதுன்னு?"

"கெடுத்தது. பூங்காவனம்னு ஒரு அம்மா..."

"அவங்க பேரு சோதனையிலயே இல்லையே. உங்க எண்ணிக்கை என்ன சொல்லுது? ரெண்டு பக்கமும் சமம். இதை எழுதினா, ஜனங்களுக்கு மாத்திரை குடுக்கக்கூடத் தெரியாத நிலையம்னு நம்ம பேருதான் கெடும். அடுத்த வேலை யாரு குடுப்பா?"

அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. போகும்போது என்னிடம் டீ நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். மாத்திரை கொடுத்த கம்பெனிக்காரர்கள், முடிவு எதுவும் கிடைக்காததால் இத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்று மரியாதையாக எழுதி, மிச்சம் இருந்ததைத் தகர டின்னோடு எடுத்துக்கொண்டு போனார்கள். டாக்டர் அப்படியும் விடாமல், நடந்தது நடந்தபடி ஒரு கட்டுரை எழுதி ஒரு மருத்துவப் பத்திரிகைக்கு அனுப்பினார். மருந்தும் மாவும் கலந்துவிட்ட சோதனையிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது, ஆகவே வெளியிட இயலாது என்று திரும்பி வந்தது.

ஒவ்வொருவர் சொன்னதும் சரிதான். அதுதான் என்னை உலுக்கியது. திருடன் ஒருவன் இருந்தால் அவனைப் பிடிக்கலாம், திட்டலாம். இங்கே யாரும் எதையும் திருடவில்லை. ஆளாளுக்கு ஒரு நியாயமான காரணத்தைச் சொல்லிவிட்டுப் போக, ஒரு ஊரே கண் மங்கிக் கிடந்த விஷயம் நடக்காதது போல ஆகிவிட்டது.

டின்களை ஏற்றிக்கொண்டு வண்டி கேட்டைத் தாண்டியபோது நான் டாக்டரிடம் கேட்டேன். "அந்த மாத்திரை இனி எங்க சார் போகும்?"

"தெரியல" என்றார். அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்று இருந்தது. எனக்கு அடையாளம் தெரிந்தது, ஏனென்றால் நான் தினமும் கண்ணாடியில் பார்க்கும் முகம் அது. எனக்குப் பயமாக இருந்தால் யாரிடமாவது போய் நிற்கலாம். அவருக்கே பயம் என்றால் நான் எங்கே போவது?

மாத்திரையை நிறுத்திய பிறகு மெல்ல மெல்லப் பலருக்குப் பார்வை திரும்பியது. பூங்காவனத்துக்கு முழுதாக வந்துவிட்டது. எட்டியப்பனுக்கு வரவில்லை. பகலில் தெரியும், பொழுது சாய்ந்தால் புகைதான். விடிந்த பிறகு போய் வெயில் இருக்கும்போதே திரும்பும் மரத்தில் மட்டும் பின்னால் உட்கார்ந்து போவார். அலை பார்த்துச் சொல்லும் வேலை வேறு ஒருவருக்குப் போயிற்று. கடலுக்கே போகாத நாளிலும் அவருக்கு ஒரு கூறு மணலில் இருக்கும். நான் அந்தப் பக்கம் போனால் பார்க்காமல் வர மாட்டேன். "இன்னா நர்சம்மா, இன்னும் தண்ணியண்ட வரமாட்டேன்ற?" என்பார், நான் நின்றிருக்கும் பக்கத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்து.

சில வருடம் கழித்து, எழுபதுகள் முடியப்போகும் சமயம், கள நர்ஸ்களுக்கு மெட்ராஸில் ஒரு பயிற்சி வைத்தார்கள். என் பக்கத்தில் ஸ்டெல்லா என்று ஒரு பெண். தெற்கே ஏதோ கடற்கரை ஊரில் வேலை. இடைவேளையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஊர்க்கதை, மாமியார் கதையெல்லாம் பேசிவிட்டு, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"எங்க ஊர்ல போன வருஷம் யானைக்காலுக்கு ஒரு புது மாத்திரை குடுத்துப் பார்த்தோம்க்கா. அதுல என்னமோ, சாயங்காலம் ஆனா ஆளுங்க சுவரைத் தடவிக்கிட்டு நடக்க ஆரம்பிச்சுட்டாங்க."

நான் அவள் பக்கம் திரும்பினேன். "என்ன நிறம்?" என்றேன்.

"மஞ்சள். நடுவுல ஒரு கோடு இருக்கும். ஒரு மாதிரி வாசனை அடிக்கும், கற்பூரம்னும் சொல்ல முடியாது..."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"எங்களுக்கு என்ன தெரியும்? சத்துக் குறைச்சல்னு நினைச்சு வைட்டமின் குடுத்தோம். கொஞ்ச நாள் பார்ப்போம்னு தொடர்ந்து குடுத்தாங்க."

கேட்கக் கூடாது என்று எனக்குள் ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. கேட்டேன். "யாராவது கடலுக்குப் போனாங்களா?"

"போகாம? அவங்க பிழைப்பே அதானே." ஸ்டெல்லா டம்ளரைக் கீழே வைத்தாள். "ரெண்டு பேர் திரும்பலக்கா. அண்ணன் தம்பி. அப்புறம்தான் நிறுத்தினாங்க." என் முகத்தைப் பார்த்தவள் திடுக்கிட்டாள். "ஏன்க்கா இப்படி ஆயிட்டீங்க? உங்களுக்கு இதைப் பத்தி முன்னாடியே தெரியுமா?"

சொன்னேன். ஸ்டூல் தவறி விழுந்ததிலிருந்து பத்திரிகை திருப்பி அனுப்பியது வரை எல்லாம் சொன்னேன். முடித்ததும் மெதுவாகக் கேட்டாள். "எங்க டாக்டர் எல்லாப் பத்திரிகையும் வரவழைச்சுப் படிக்கிறவர்க்கா. அதுல எங்கயாவது ஒரு மூலையில போட்டிருந்தா போதுமே. ஏன்க்கா போடல?"

அன்று பயிற்சி முடிந்ததும் ஊருக்குத் திரும்பி, நேரே டாக்டர் பரஞ்சோதி வீட்டுக்குப் போனேன். அதற்குள் அவர் ஓய்வு பெற்றிருந்தார். வாசல் கதவைத் திறந்து நின்றபடியே கேட்டார். நான் சொல்லி முடித்தேன். கண்டதா, கேட்டதா, நினைச்சதா என்று வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே படியில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்த ரெண்டு பேரு பேர் என்ன?" என்றார்.

எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஸ்டெல்லாவை அதன் பிறகு நான் பார்க்கவும் இல்லை.

நித்யா காபி டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். யார் படிக்கப் போகிறார்கள் என்று அவள் மறுபடி கேட்கவில்லை. எட்டியப்பன் பெயரை நான் சாகும் வரை மறக்க மாட்டேன், அவர் திரும்பி வந்தார். திரும்பாத அந்த அண்ணன் தம்பி பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது.